தேய்ந்ததும் தேயாததும்

அலகின் அடியில், பிடிக்குள் மடங்கும் இடத்தை ஒட்டி, 71 என்று இரண்டே இலக்கம். 1971-இல் செய்தது என்று அர்த்தம். ஸ்விட்சர்லாந்து ராணுவம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்துவந்த மடக்குக் கத்தி இது. 1961-இல் இந்த வடிவம் வந்தது. 2008 வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. மடக்கினால் 93 மில்லிமீட்டர் நீளம். வெள்ளி நிற அலுமினியப் பிடி; வியர்த்த கையிலும் நழுவாதபடி அதன் மேல் கட்டங்கட்டமாக அழுத்தியிருக்கிறார்கள். உள்ளே நாலு உறுப்பு: ஒரு அலகு, தகர டப்பா திறக்க ஒன்று, பாட்டில் மூடி கழற்ற ஒன்று, தோலிலும் மரத்திலும் துளை போட ஒரு குத்தூசி. டப்பா திறப்பானின் முனை சின்னத் திருப்புளி, பாட்டில் திறப்பானின் முனை பெரிய திருப்புளி. மொத்த எடையும் எழுபது கிராமுக்குக் கொஞ்சம் கூட.

நானும் 71 மாடல்தான். கத்தியில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த ஆண்டுக்காகத்தான் நண்பர் இதை வாங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போய் பெர்ன் நகரத்தில் நிலைத்தவர். அங்கே ‘புரோக்கி’ என்று சொல்லப்படும் பழைய சாமான் கடைகளை மேய்வது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஊருக்கு வந்தபோது அட்டைப்பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இதைப் பாவிக்காதேங்கோ அண்ணை. இப்பிடிக் கீறல் இல்லாமல் கிடைக்கிறது லேசில்லை. வைச்சிருங்கோ.”

அவருடைய மகனும் கூட வந்திருந்தான். அந்த நாட்டில் பிறந்து, அந்த நாட்டுக் குடிமகனாகக் கட்டாய ராணுவப் பயிற்சியும் முடித்தவன். அவனுக்கு ராணுவம் கொடுத்தது 2008-க்குப் பிறகு வந்த புது மாடல்: 111 மில்லிமீட்டர், பச்சையும் கறுப்புமாகப் பிடி, ஒரே கையால் திறக்க அலகில் பெரிய ஓட்டை, வாய்ப்பகுதியில் பாதிக்கு ரம்பப்பல். அப்பா பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “மாமா, அது ஆமிச் சாமான். பாவிக்கத்தான் செய்தது” என்றான்.

இருவரும் போய்விட்டார்கள். பெட்டி என் மேசைமேல் இருந்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கத்தி என்றால் வெட்டு, இல்லையென்றால் மூடி வை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஆனால் பழைய மடக்குக் கத்தி சேர்க்கிற உலகத்தில் இதைவிடப் பெரிய வழக்கு கிடையாது. தபால்தலை சேர்க்கிறவர் அதைக் கடிதத்தில் ஒட்டலாமா என்று தவிப்பதில்லை. நாணயம் சேர்க்கிறவர் அதைக் கொடுத்துக் காய்கறி வாங்க ஆசைப்படுவதில்லை. கத்திக்காரருக்கு மட்டும் கை நமநமக்கிறது. காரணம், கத்தி இன்னும் வேலை செய்யும். ஐம்பது வருஷம் பெட்டியில் கிடந்தாலும், திறந்தால் ‘டக்’கென்று நின்று, என்ன வெட்டணும் என்று கேட்கும்.

பையன் சொன்னதில் சரித்திரம் அவன் பக்கம்தான். 1880-களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்து ராணுவத்துக்குப் புது ஷ்மிட்–ரூபின் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி தேவைப்பட்டது. சிப்பாய்க்குச் சாப்பாடும் தகர டப்பாவில் வர ஆரம்பித்திருந்தது. இரண்டுக்குமாகச் சேர்த்து, கறுத்த மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை ராணுவம் முடிவு செய்தது; அதற்கு 1890 மாடல் என்று பெயர். உள்நாட்டில் அத்தனை கத்தியைச் செய்து தர ஆளில்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. ஷ்வீட்ஸ் மாநிலத்தின் ஈபாக் ஊரில் 1884-இல் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்ஸெனருக்கு இது பொறுக்கவில்லை. 1891-இல் அவரும் கொடுக்கத் தொடங்கினார். அம்மா விக்டோரியா 1909-இல் இறந்தபின் அவர் பெயரைப் பட்டறைக்கு வைத்தார். துருவேறா உருக்குக்குப் பிரெஞ்சில் சொல்லும் ‘இனாக்ஸ்’ 1921-இல் அதோடு ஒட்டிக்கொள்ள, விக்டோரினாக்ஸ் ஆனது. ஜெர்மன் பேசும் பகுதிக்கு எல்ஸெனரின் நிறுவனம், பிரெஞ்சு பேசும் பகுதிக்கு வெங்கர் என்று 1908 முதல் ராணுவம் தன் ஆர்டரைப் பாதிப்பாதியாகப் பிரித்தும் கொடுத்தது. மொழிப் பிரச்சினையைக் கத்தியை வைத்தே தீர்த்த நாடு அதுவாகத்தான் இருக்கும்.

நாம் கடையில் பார்க்கிற சிவப்புக் கத்தி இந்த வம்சத்தில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது 1897-இல் எல்ஸெனர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தி. கார்க் திருகி எல்லாம் வைத்தது. அதை ராணுவம் யாருக்கும் கொடுக்கவில்லை. வேண்டிய அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். உண்மையிலேயே ராணுவத்தில் வேலை செய்த கத்தி, என் மேசைமேல் கிடந்த இந்த அழகில்லாத அலுமினியம்தான்.

ஆக, லட்சக்கணக்கில் செய்த பொருள். அபூர்வம் என்று சொல்ல ஏதுமில்லை. அபூர்வம் எங்கிருந்து வருகிறது என்றால், இத்தனை கத்தியும் டப்பா திறந்து, கம்பி முறுக்கி, தீட்டித் தீட்டித் தேய்ந்து போனதால், தேயாமல் தப்பியது ஒன்றிரண்டு. அதற்குத்தான் மதிப்பு. வேலை செய்ததெல்லாம் மலிவு, வேலையே செய்யாதது உசத்தி. நம் ஊரில் இதற்கு வேறு துறைகளிலிருந்து உதாரணம் காட்டலாம், வேண்டாம்.

சேகரிக்கிறவர்கள் கத்தியை எப்படி எடை போடுகிறார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. இதில் முன்னோடிகள் அமெரிக்கர்கள். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகளுக்கு அங்கே பெரிய கூட்டமே இருக்கிறது. 1970-இல் அந்த நிறுவனம் அலகின் அடியில் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி பொறித்தது, அடுத்த வருஷம் ஒன்பது, அதற்கடுத்து எட்டு. பூதக்கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடலாம். வருஷம் தெரிந்தபின் தரம். முதல் தரம் ‘மின்ட்’: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, பையில் போடாதது, தீட்டாதது. அதற்குக் கீழே ஒவ்வொரு படியிலும் அவர்கள் முக்கியமாக அளப்பது அலகில் எத்தனை பங்கு தேய்ந்திருக்கிறது என்பதை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதது நல்ல தரம். கால் பங்கு போனது அடுத்தது. பாதி போனது சுமார். பிடியில் விழுந்த கீறலுக்கும் கொஞ்சம் மதிப்பெண் குறையும். ஆனால் அளவுகோல் என்னவோ உருக்கின்மேல்தான்.

இந்த அளவுகோலை வைத்து என் வீட்டிலிருக்கும் இன்னொரு கத்தியை அளந்தால் அது தேறவே தேறாது.

அது பெரியப்பாவுடையது. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவராக எழுபதுகளில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று, ஷெஃபீல்டில் செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி. இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அந்த நிறுவனத்தின் முத்திரை அது. இந்தியா, சிலோன், பர்மா என்று பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் அந்த முத்திரைக்கு இருந்த மரியாதையைப் பார்த்து, அதைத் திருடிக் குத்திய போலிகளும் ஏராளமாக உலவின. பெரியப்பாவுடையது அசல் என்று பெரியப்பா சொன்னார். எங்கள் குடும்பத்தில் விசாரணை அதோடு முடிந்தது.

ராட்ஜர்ஸ் நிறுவனம் வெட்டவே வெட்டாத கத்திகளுக்கும் பெயர் போனது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்காக அவர்கள் செய்த நார்ஃபோக் கத்தியில் அலகும் கருவியுமாக 75 உறுப்புகள், முத்துச்சிப்பிப் பிடி, அலகுகளில் சித்திர வேலை. இப்போதும் ஷெஃபீல்டின் கத்திக் கொல்லர் சங்கக் கட்டடத்தில் இருக்கிறது. 1822-இல் அவர்கள் செய்த இன்னொரு அதிசயத்தில் ஆண்டுக்கு ஒன்றாக 1822 அலகுகள். பிற்பாடும் வருஷங்களைக் கணக்கிட்டு அலகு சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு பென்சில் சீவ எந்த அலகை இழுப்பது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கென்றே செய்த கத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவற்றைச் செய்த அதே பட்டறையிலிருந்துதான் இரண்டே அலகு போட்ட ஒரு சாதாரணக் கத்தி ஹட்டனுக்குப் போயிருக்கிறது.

அந்தக் கத்தி காலையில் செக்ரோல் என்ற ஆள்வருகைப் பதிவேடு எழுதும் பென்சிலைச் சீவியது. பகலில் பாக்கு வெட்டியது, சாக்குக் கயிறு அறுத்தது, புகையிலை நறுக்கியது. சாயங்காலம் லயத்துப் பிள்ளைகளின் காலில் ஏறிய முள்ளை எடுத்தது. பழைய கார்பன் உருக்கு. பாக்கின் துவர்ப்பு பட்டுப் பட்டு அலகு மையிட்ட மாதிரி கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பு இருக்கும்வரை சிவப்புத் துரு அண்டுவது குறைவு என்று பெரியப்பாவுக்குத் தெரியும். அதை யாராவது பளபளப்பாக்குகிறேன் என்று சாம்பல் போட்டுத் தேய்த்தால் கோபம் வரும்.

தீட்டுவதற்கு அவர் தனியாகக் கல் வைத்திருக்கவில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடி விளிம்பில் நாலு இழுப்பு. அவ்வளவுதான். அப்படியே முப்பது நாற்பது வருஷம். இப்போது அந்தப் பெரிய அலகின் பாதிக்கு மேல் இல்லை. நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் முதுகை ஒட்டித்தான் இருக்கும். அதற்கும் வாய்ப்பகுதிக்கும் இடையே முன்பு விரல் நகத்தளவு உருக்கு இருந்திருக்கும், இப்போது ஒரு கோடுதான் மிச்சம். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. பிடிக்குப் பக்கத்தில் ஒரு குழிவு. பாக்கையும் பென்சிலையும் அழுத்தி வெட்டுகிற இடம் அது. கூரின் சாய்வு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். பெரியப்பா இடதுகைக்காரர். அவரைப் பார்த்தே இராத ஒருவர்கூட, இந்த அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதைச் சொல்லிவிடலாம்.

71-ஐ எத்தனை நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் அது சொல்வது ஒன்றுதான்: நான் 1971-இல் ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன். அதோடு பிறந்த மற்றக் கத்திகளும் அதையேதான் சொல்லும்.

பெட்டியில் வைத்தால் பத்திரம் என்பதும் பாதி உண்மை. எடுத்து வைப்பதை ஒன்றும் செய்யாமலிருப்பது என்று நினைக்கிறோம். பட்டுப்புடவையைக் கட்டாமலே பீரோவில் வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். மடிப்பை மாற்றி மாற்றி வைக்காவிட்டால் மடித்த இடத்திலேயே ஜரிகை இற்றுவிடும். கத்திக்கு இதைவிட மோசமான எதிரிகள் உண்டு. 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த செல்லுலாய்டை, மான்கொம்புக்கும் ஆமை ஓட்டுக்கும் மலிவான மாற்றாகக் கத்திப் பிடிகளில் போட ஆரம்பித்தார்கள். என்ன நிறம் கேட்டாலும் வரும், தொட்டால் வழவழப்பு. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்கிற பொருள் அது. பல பத்தாண்டு கழித்து, ஒரு நாள் தானாகவே சிதையத் தொடங்கும். போகும்போது அமில ஆவியை விட்டுக்கொண்டே போகும். மூடிய பெட்டியில் அந்த ஆவி போக வழியில்லாமல் தன் அலகையே அரிக்கும், பக்கத்தில் படுத்திருக்கும் நல்ல கத்திகளையும் அரிக்கும். பழுத்த சேகரிப்பாளர்கள் செல்லுலாய்டு கத்திகளைத் தனியாக, காற்றாட வைப்பது அதனால்தான். பையில் போட்டு அலைந்திருந்தால் இந்த நோய் முற்றுவதற்குள் கண்ணில் பட்டிருக்கும். பொத்திப் பொத்தி வைத்தவருக்குத்தான், திறக்கிற அன்று அதிர்ச்சி.

அந்தக் காலத்துப் படச்சுருளும் இதே பொருள்தான். 1931-இல் வந்த நம் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’. இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. தீயில் போனவை, அலட்சியத்தில் போனவை தவிர, தகர டப்பாவுக்குள் பத்திரமாகக் கிடந்தே கரைந்த சுருள்களும் உலகம் முழுக்க எத்தனையோ உண்டு.

தோலுறையும் கத்திக்கு ஆகாது. அழகாக இருக்கிறதே என்று உறைக்குள்ளேயே விட்டு வைத்தால், தோல் பதனிட்ட ரசாயனம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், உருக்கில் பொட்டுப் பொட்டாகத் துரு வைக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றே உப்பு. எண்ணெய் போடலாம், எந்த எண்ணெய் என்பதில் இருக்கிறது விஷயம். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகி மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் கோத்தகிரிக் குளிரில் உறைந்தே போகும். தையல் மெஷின் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு சொட்டு போதும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ‘ரினைசான்ஸ்’ மெழுகும் உண்டு. மெல்லியதாகப் பூசித் துடைத்துவிட்டால் ஈரம் அண்டாது. இவ்வளவும் செய்து, அப்பப்போது எடுத்துப் பார்த்து, மறுபடியும் பூசி வைக்க வேண்டும். வைத்திருப்பதும் வேலைதான். அந்த வேலையை எந்தக் கத்திக்குச் செய்வது என்பதுதான் கேள்வி.

சோழர் காலத்து உற்சவமூர்த்திகளில் இரண்டு வகையைப் பார்த்திருக்கிறேன். படையெடுப்புக்குப் பயந்து மண்ணில் புதைத்து, பல நூறு வருஷம் கழித்து எடுத்து, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தவை ஒரு வகை. இமையின் கோடு, விரல் நகம், இடைக்கச்சையின் மணி எல்லாம் நேற்று உளி பட்டதைப் போலத் துல்லியம். கோயிலிலேயே தங்கி அபிஷேகம் வாங்கி வந்தவை மற்றது. பாலும் தயிரும் சந்தனமும் தேய்த்த கையும் சேர்ந்து மூக்கை மழுக்கியிருக்கும், கண்ணை மீண்டும் செதுக்கியிருப்பார்கள். கலை வரலாற்று மாணவருக்கு முதலாவது வேண்டும். அந்த ஊர்க்காரர்களிடம் போய், தேய்கிறதே, அபிஷேகத்தை நிறுத்துங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுமே சரி என்று சொல்லி நழுவுவது சுலபம். நான் சொல்ல வருவது, முதல் வகைக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது என்பதை. 1961 மாடலுக்கும் இருக்கிறது. லூசெர்ன் ஏரிக்கரையில், ப்ருன்னன் ஊரில், விக்டோரினாக்ஸே தன் கத்திகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. தீட்டாத அலகு எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒரு ஆய்வாளர் கேட்டால், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். என் பீரோவைத் தேடி யாரும் வரப்போவதில்லை. பெரியப்பாவின் கத்திக்கு என் பீரோவை விட்டால் வேறு அருங்காட்சியகம் கிடையாது.

விலை பற்றி ஒரு வார்த்தை. புதுக்கருக்கு மாறாத கத்தியைத் தீட்டினால் பணம் போகும் என்பார்கள். சில கத்திகளில் உண்மையாகவே போகும். பிடி அசல் மான்கொம்பாக இருந்தால் இன்னும் கூட. அந்தக் கொம்பு பெரும்பாலும் நம்முடையது: கடமான் வருஷந்தோறும் உதிர்க்கிற கொம்பு. அதைப் பொறுக்கி மூட்டை கட்டி ஷெஃபீல்டுக்கும் சோலிங்கனுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் உலகத்துக் கத்திக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பழைய இருப்பு தீரத் தீர விலை ஏறியது. இந்தியக் காடு ஒன்றில் உதிர்ந்த கொம்பு ஷெஃபீல்டில் பிடியாகி, சிலோனில் விற்று, பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் நீலகிரிக்கு வந்தது. கோத்தகிரியில் அவர் வீட்டுக்குப் பின்னால் சோலையிலிருந்து இரவில் கடமான் இறங்கிவந்து கீரைப்பாத்தியை மேயும். கத்திக்கும் மானுக்கும் உள்ள உறவு பற்றி அவருக்குக் கவலையில்லை, கீரைதான் கவலை. அலுமினியப் பிடி போட்ட 71-க்கு இந்த யோகமெல்லாம் இல்லை. தீட்டாமல் விற்றால் வருவதற்கும் தீட்டி விற்றால் வருவதற்கும் உள்ள வித்தியாசம் நல்ல ஓட்டலில் குடும்பத்தோடு ஒரு வேளைச் சாப்பாடு. அதற்காக ஆயுள் முழுக்கக் காவல் இருப்பது கட்டுப்படியாகாது.

பயன்படுத்துவது என்று மொத்தமாகச் சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பையில் போட்டால் அலுமினியத்தில் கீறல் விழும், விழட்டும், அது மேற்பூச்சு. திறந்து மூடினால் கீல் கொஞ்சம் இளகும், சொட்டு எண்ணெயில் சரியாகும். வெட்டினால் கூர் மழுங்கும். அப்போதும் உருக்கு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது, நுனி மடங்கியிருக்கிறது அவ்வளவே. பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுத்தாலே பாதி திரும்பிவிடும். திரும்ப வராதது கல்லில் விட்டுவிட்டு வருகிற உருக்கு மட்டும்தான். தீட்டி முடித்ததும் கல்லின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு நிற்கிறதே, அதில் ஒரு பங்கு கல், ஒரு பங்கு கத்தி. ஆகவே எல்லைக்கோட்டைப் பையின் வாசலில் போட வேண்டியதில்லை. கல்லின் விளிம்பில் போட்டால் போதும். எந்தக் கத்தியிடம் கொடுக்க உருக்கு இருக்கிறது, எதனிடம் இல்லை?

இப்படிக் கேட்டதும் விடை கண்முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. நண்பர் சொன்னபடி 71-ஐப் பெட்டியிலும், வழக்கப்படி ராட்ஜர்ஸைக் கையிலும் வைத்திருந்தேன். அதைத் தலைகீழாக்கினேன். பெரியப்பாவின் அலகுக்கு இனி ஒரு இழுப்புகூட மிச்சமில்லை. இன்னும் ஒரு சுற்றுத் தீட்டினால் போவது அலகு மட்டுமா, அந்தக் குழிவும் இடதுகைச் சாய்வும் என் வலதுகையால் அழிந்துபோகும். அதைத் துடைத்து, மெழுகு பூசி, காகிதத்தில் சுற்றி, தோலில்லாத மரப்பெட்டியில் வைத்தேன். கறுப்பைத் தொடவில்லை. 71 பைக்கு வந்தது.

முதல் நாள் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. புது வண்டியில் முதல் கோடு யார் போடுவது என்று குடும்பமே ஒருவரையொருவர் பார்ப்பதைப் போன்ற நிலைமை. கூரியர்ப் பார்சலில் ஆரம்பித்தேன். அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா; நாடாவின் பசை அலகில் படிந்து அவமானமாக இருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அப்புறம் கிளிமூக்கு மாங்காய். ரேடியோ பிளக்கின் திருகாணி. தேநீர்க் கடையில் யாரோ கேட்ட சோடா மூடி. இந்தக் காலத்தில் ஒரு மனிதனின் பையிலுள்ள கத்திக்கு இவ்வளவுதான் வேலை. பென்சில் போய்விட்டது, பாக்கு பொடியாகப் பாக்கெட்டில் வருகிறது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஒரு சிப்பாயின் கத்திக்கு என்னிடம் கொடுக்க இருக்கும் வாழ்க்கை அப்படியொன்றும் வீரமானதல்ல. இருந்தாலும் அது தன் வேலையைச் செய்கிறது. டப்பா திறப்பான் 1971-இல் பழகிய மாதிரி, சின்னச் சின்னக் கடியாகத் தகரத்தைக் கடித்து முன்னால் போகிறது.

இப்போது மழுங்க ஆரம்பித்திருக்கிறது. இந்த உருக்கு கடினமான ரகம் அல்ல, சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கூராகும். தெருவில் சைக்கிளை நிறுத்திச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கப் போவதில்லை. அவர்மேல் குறை இல்லை, அரிவாள்மனைக்கு அவர்தான் சரி. ஆனால் தண்ணீர் படாமல் வேகமாகச் சுழலும் சாணையில் பொறி பறக்கிறபோது மெல்லிய அலகின் நுனி சூடேறி, தோய்ச்சலில் ஏறிய கடினம் இறங்கிவிடும். ஒரு வருஷத்தில் தேய வேண்டியது ஒரு நிமிஷத்தில் தேய்ந்தும் விடும். நைசான தண்ணீர்க்கல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வலதுகையால், இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராது என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாக் கத்திக்கும் இதே தீர்ப்பா என்று கேட்டால், இல்லை. 1890 மாடல், கறுத்த மரப்பிடி, சோலிங்கனிலிருந்து வந்த முதல் தொகுதி, தீட்டாத அலகு. அப்படி ஒன்று நாளைக்கு என் கைக்கு வந்தால் இவ்வளவு நேரம் எழுதியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உடனே மெழுகைத் தேடுவேன். யாரையும் தொடக்கூட விடமாட்டேன். அதன் விலைக்கும் என் பென்ஷனுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் அந்தச் சோதனை எனக்கு வரும் என்று தோன்றவில்லை. கொள்கை பேசுவது அதனால்தான் இவ்வளவு சுலபமாக இருக்கிறது.